கிழநாரையார் நடத்திவைத்த கல்யாணம்

ஆன்லைன் விளையாட்டுகளில் டிராகன், பூதம், ஒற்றைக்கண் ராட்சசன் என்று எத்தனையோ பயங்கரப் பிராணிகள் உண்டு. ஆனால் விளையாடுகிறவர்கள் உண்மையிலேயே கண்டு நடுங்குவது வேறோர் இனத்தை. குழுத் தலைவர். நாற்பது பேர் வாளும் வில்லுமாகக் குகை வாசலில் நிற்க, உள்ளே டிராகன் உறுமிக்கொண்டிருக்க, "கிளம்புறதுக்கு முன்னாடி ரெண்டே வார்த்தை" என்று இருபது நிமிடம் எடுத்துக்கொள்கிறவர் அவர்தான். வராதவனிடம் காரணம் கேட்பார். தாமதமாக வந்தவனிடம் விளக்கம் கேட்பார். நேரத்துக்கு வந்தவனிடம், மற்றவர்களுக்கு நீ ஏன் எடுத்துச் சொல்லவில்லை என்று கேட்பார். டிராகனுக்கே கொட்டாவி வந்துவிடும்.

கொரியாவின் குன்சான் நகரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கும் கு போன்-சோல் இந்த இனத்தில் முதல் தரம். விளையாட்டில் அவர் வைத்துக்கொண்ட பெயர் கிழநாரை. மைக்கில் கத்தக் கூடாது, எழுத்தில்தான் பேச வேண்டும் என்பது அவர் போட்ட முதல் விதி. ஆகவே குரலும் தெரியாமல், முகமும் தெரியாமல், குழுவிலிருந்த நாற்பத்து மூன்று பேரும் அவருக்கு அறுபது வயதிருக்கும் என்று முடிவுகட்டி "ஐயா" என்றார்கள். அவர் திருத்தவில்லை. ஐயா என்று கூப்பிட்டால் திருத்த யாருக்குத்தான் மனசு வரும்?

வயது முப்பத்திரண்டு.

போர்த் தந்திரத்தோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. காதல் விவகாரங்களுக்கும் அவரே ஆலோசகர். "அனுபவத்துல சொல்றேன், கேளுங்க" என்று தொடங்குவார். அந்த அனுபவமாவது: கல்லூரியில் ஒரு பெண் அவரிடம் குடை இரவல் வாங்கினாள். மறுநாள் தோழியிடம் கொடுத்து அனுப்பினாள். முடிந்தது.

விளையாட்டில் ஒரு சண்டையின் நடுவில், குழுவைச் சேர்ந்த, ஜோன்ஜு ஊரில் பார்சல் வண்டி ஓட்டும் மேங் ஹோ-ஜின் கேடயத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டான். அவனை நம்பிப் பின்னால் நின்ற பியோ யோன்-ஜு, அதே ஊரில் பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவள், அநியாயமாகச் செத்துப்போனாள். நாரையார் விடுவாரா? இருவரையும் தனியே கூப்பிட்டு, பொறுப்பு என்றால் என்ன, விட்டுக்கொடுத்தல் என்றால் என்ன என்று தினம் ஒரு மணி நேரம், ஆறு மாதம் சமரசம் பேசினார். ஏழாவது மாதம் அவர்கள் காதலர்கள். யாரால் என்று கேட்டால் நாரையார் அடக்கமாக "க்கும்" என்று எழுதுவார்.

இளவேனிலில் ஒரு நாள் செய்தி வந்தது. "ஐயா, எங்களுக்குக் கல்யாணம். நீங்கதான் மேடைல நின்னு நடத்திவைக்கணும்."

அந்த இடம் ஊருக்குப் பெரியவர்களுடையது. பழைய பேராசிரியர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் நின்று மணமக்களுக்கு உரையாற்றுகிற இடம். மறுத்திருக்க வேண்டும். "என் கடமை" என்று பதிலைத் தட்டி அனுப்பிவிட்டார்.

மதிய வேளைகளில் பின்னறையில் தனியாக உட்கார்ந்து நூடுல்ஸ் தின்றுகொண்டே உரை எழுதினார். பதினொரு பக்கம் வந்தது. வழக்கமாக அந்த நேரத்தில் "எல்லாரும் சாப்பிட்டாச்சா?" என்று குழுவுக்கு ஒரு வரி போடுவார். வரும் பதில்களை ஒவ்வொன்றாக வாசித்தபடி சாப்பிடுவார். அவருக்கு வேறு பந்தி கிடையாது. உண்மை தெரிந்தால் அந்த ஐயாவும் போய், பதில்களும் போய்விடுமே என்ற பயத்தில் நூடுல்ஸ் ஆறிப்போனது.

கல்யாண மண்டப வாசலில் மாப்பிள்ளையின் அப்பா எல்லோரையும் குனிந்து வரவேற்றுக்கொண்டிருந்தார். கல்யாணத்தை நடத்திவைக்க வந்திருப்பதாக நாரையார் சொன்னார்.

"வாங்க தம்பி. அப்பா வண்டிய நிறுத்திட்டு வர்றாரா?"

"இல்லீங்க. நான்தான்... கிழநாரை."

பெரியவர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "கிழமும் இல்ல, நாரையும் இல்லியே!"

மணப்பெண் அறைக்கு இழுத்துப்போய் நிறுத்தினார்கள். வெள்ளை கவுனில் உட்கார்ந்திருந்த யோன்-ஜுவும், பக்கத்தில் கையுறையோடு நின்ற ஹோ-ஜினும் வாயைப் பிளந்தார்கள்.

"ஐயா... நீங்க ஐயாவா?"

"மன்னிச்சிடும்மா. முப்பத்திரண்டுதான். கல்யாணம் ஆகல. காதலும் ஆகல."

"அப்போ அந்த அனுபவம்?" என்றான் ஹோ-ஜின்.

"யோசிச்சுச் சொன்னதுதான்."

யோன்-ஜு சிரிக்கத் தொடங்கினாள். ஒப்பனைக்காரி பதறிப்போய் அவள் கண்ணைத் துடைத்தாள். "ஐயா, இப்ப நானும் ஒண்ணு சொல்லிடறேன். நீங்க பேசினதுல ஒரு வரிகூட நாங்க ஒழுங்கா படிக்கல. நீங்க ஆரம்பிச்சதும் நாங்க ரெண்டு பேரும் தனியா எழுதிக்குவோம். 'இப்ப பாரு, பொறுப்புன்னு சொல்லுவாரு'ன்னு இவன் எழுதுவான். நீங்க சொல்லுவீங்க. உங்கள கிண்டல் பண்ணிப் பண்ணித்தான் பழகினோம்."

நாரையார் முகம் விழுந்துவிட்டது. ஆறு மாதம்! "அப்புறம் எதுக்கும்மா என்னைக் கூப்பிட்டீங்க?"

"நீங்க அத்தன நாள் பேசலேன்னா நாங்க எப்ப பேசியிருப்போம்?" என்றாள் அவள்.

"வயசு கெடக்கட்டும்யா," என்றான் ஹோ-ஜின். "மேடைக்கு வாங்க. நாப்பது நிமிஷத்துல இதே மண்டபத்துல அடுத்த கல்யாணம்."

ஏறினார். "ரெண்டே வார்த்தை" என்றார். மண்டபத்தின் இடப்பக்கம் முழுவதும் வாய்விட்டுச் சிரித்தது. குழு அங்கேதான் உட்கார்ந்திருந்தது என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. பொறுப்பு என்றார். மணமக்கள் காதோடு காதாக ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். விட்டுக்கொடுத்தல் என்றார். மூன்றாவது வரிசையில், வரும்போது தனித்தனியாக வந்து உட்கார்ந்த ஓர் இளைஞனும் ஒரு பெண்ணும் தலையைச் சாய்த்து முணுமுணுக்கத் தொடங்கினார்கள். நாரையார் அதைப் பார்த்தார். வேறொருவராக இருந்தால் மனம் நொந்து இறங்கியிருப்பார். அவர் ஏழாம் பக்கத்தைப் புரட்டி, இன்னும் மெதுவாக வாசித்தார்.

விருந்தில் எலும்பு சூப் கிண்ணத்தோடு ஒரு பெண்மணி அவர் எதிரில் வந்தமர்ந்தாள். "சின்னப் பிள்ளைங்களுக்குப் பொறுப்பே இல்ல" என்று நாரையார் இரண்டு வருடமாகத் திட்டிவந்த, குழுவின் வில்லாளி. வயது அறுபத்தொன்று.

"சாப்பிடுங்க ஐயா, ஆறிடும்," என்றாள். மேசையைச் சுற்றி மேலும் பதினாறு நாற்காலிகள் வந்து சேர்ந்தன. கு போன்-சோல் அன்று மூன்று கிண்ணம் குடித்தார். "எல்லாரும் சாப்பிட்டாச்சா?" என்று அவர் குழுவுக்குப் போடாத ஒரே பகல் அதுதான்.

இதைப் படித்ததும், தெரிந்த யாருக்காவது அனுப்பி, "உன்னை நினைத்துக்கொண்டேன்" என்று கீழே இரண்டு வரி புத்திமதியும் சேர்க்கலாமென்று உங்களுக்குத் தோன்றுகிறதா? தாராளமாக அனுப்புங்கள். ஆனால் அடுத்த முறை நீங்கள் பேச, எதிரே இருவர் சிரித்த முகத்தோடு தலையாட்டினால், உங்கள் பேச்சு எடுபட்டுவிட்டது என்று மட்டும் நினைத்துக்கொள்ளாதீர்கள். அவர்கள் கை மேசைக்கு அடியில் போனைத் தட்டிக்கொண்டிருக்கும்.