வக்கீல் பீஸும் என் துண்டும்

விலையைச் சபையில் வாய்விட்டுச் சொல்கிறவனை எங்கள் தொழிலில் மனிதனாகவே மதிப்பதில்லை. நான் மாட்டுத் தரகன். துண்டுக்கு அடியில் கையை விட்டு, எதிராளியின் விரலைப் பிடித்துத்தான் பேசுவோம். ஒரு விரல் என்றால் பத்து, அரை விரல் ஐந்து. பிடிக்கும்போது அவர் முகத்தைப் பார்க்கக் கூடாது. ஆகாயத்தைப் பார்க்க வேண்டும். (மாட்டையும் பார்க்கக் கூடாது. அதற்குத் தெரிந்துவிடும்.) இப்படி ஒழுக்கமாக வளர்ந்தவன் வக்கீல் ஆபீஸுக்குப் போகக் கூடாது. நான் போனேன்.

பேத்துப்பாறையில் ஒரு கறவைமாடு பார்த்துவிட்டு அய்யம்பாளையம் திரும்பும்போது, மலைப்பாதை வளைவில் ஒரு சுற்றுலா வேன் என் மொபெட்டில் மோதியது. தப்பு வேன்மேல் என்று போலீஸே எழுதிவிட்டது. காலில் கம்பி வைத்தார்கள், எலும்பு கூடவில்லை. இன்னொரு ஆபரேஷன் செய்யாவிட்டால் ஆயுசுக்கும் ஊன்றுகோல்தான் என்றார் டாக்டர். கையில் காசில்லை. இழப்பீடு வந்தால்தான் கால்.

ஆஸ்பத்திரி வாசலிலேயே ஒருவர் வந்தார். "கையிலருந்து ஒத்தப் பைசா வேணாம்ணே. கேஸ நான் முடிச்சுத் தாரேன். வர்றதுல பாதிக்குப் பாதி" என்று வெற்றுத்தாளை நீட்டினார். நான் எந்தச் சந்தையிலும் கேட்கத் துணியாத தரகு. அந்த மனிதர்மேல் எனக்குத் தொழில்ரீதியாக மரியாதை பிறந்தது. பேனாவைத் திறந்துவிட்டேன்.

என் மனைவி செல்வி பேனாவைப் பிடுங்கினாள். "ஒடஞ்சது ஒங்க காலு. அவருக்கு எதுக்குப் பாதி? அவரு பாதிக் கால ஒடச்சுக்கிட்டாரா?"

அவள்தான் என்னைக் கொடைக்கானலில் ஒரு வக்கீலம்மாவிடம் இழுத்துப் போனாள். அந்தம்மா கேஸைக் கேட்டார். பிறகு, காத்திருந்த ஆட்கள் எல்லோர் காதிலும் விழ, "மொத்தக் கேஸுக்கும் பீஸ் இவ்வளவு, ரெண்டு தவணையாத் தரலாம். டாக்டர் சர்ட்டிபிகேட், நகல் செலவு தனி. அதுக்கு ரசீது தருவேன்" என்றார்.

எனக்கு உடம்பு கூசியது. இத்தனை பேர் முன்னால் யார்தான் உண்மை விலையைச் சொல்வார்கள்? உள்விலை சதவீதத்தில்தான் இருக்கும் என்று முடிவு கட்டினேன். தோள்துண்டை மேஜைமேல் விரித்து, அடியில் கையை விட்டு, அண்ணாந்து பார்த்தேன். (பார்ப்பதற்கு அங்கே ஒரு ஃபேன்கூட இல்லை. கொடைக்கானல்.)

ஒரு கை வந்தது. நான் ஒரு விரலைப் பிடித்தேன். அது என் இரண்டு விரலைப் பிடித்தது. அம்மாவுக்குத் தொழில் தெரிகிறது என்று சந்தோஷப்பட்டேன். இழுத்துப் பிடித்து ஒன்றரை விரலில் முடித்து, துண்டை உதறி எடுத்தேன்.

கை, மேஜையோரம் உட்கார்ந்திருந்த வயதான குமாஸ்தாவுடையது. வக்கீலம்மா முதுகைக் காட்டிக்கொண்டு பீரோவில் என்னவோ தேடிக்கொண்டிருந்தார்.

"என்ன நடக்குது இங்க?" என்று திரும்பினார்.

"வெல பேசுனாருங்க மேடம்" என்றார் குமாஸ்தா. "எங்கப்பாவும் மாட்டுத் தரகருதான். துண்டப் போட்டுக் கேக்கயில கையக் குடுக்காட்டி மரியாத இல்லீங்களே."

செல்வி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகை என்றுதான் நான் இன்றும் சொல்லி வருகிறேன்.

வக்கீலம்மா சிரிக்கவில்லை. "அண்ணே, வர்ற இழப்பீட்டுல வக்கீல் பங்கு பேசக் கூடாதுன்னு எங்களுக்கு விதியே இருக்கு. ஜெயிச்சாலும் தோத்தாலும் சொன்ன பீஸ்தான். பணம் ஒங்க பேங்க் கணக்குக்கு நேரா வரும். பீஸ் கட்ட வசதியில்லன்னா இலவச சட்ட உதவிக்கு நானே எழுதித் தாரேன். வெத்துத்தாள்ல மட்டும் யாருக்கும் கையெழுத்துப் போட்றாதீங்க."

"அப்ப நாங்க முடிச்ச வெல?"

"அது ஒங்க ரெண்டு பேரு வெவகாரம்."

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். வக்கீலுக்குப் பீஸ் வேறு, எனக்கு இழப்பீடு வேறு. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு குமாஸ்தாவின் விரல் தேவைப்பட்டிருக்கிறது. சொன்னபடியே பணம் என் கணக்குக்கு வந்தது. ஆபரேஷன் முடிந்து, ஊன்றுகோல் இல்லாமல் சந்தைக்கு நடக்கிறேன்.

ஆனால் துண்டுக்குள் கொடுத்த வாக்கை எங்கள் தொழிலில் மீற முடியாது, யார் கையில் கொடுத்திருந்தாலும். குமாஸ்தா காசு வாங்க மறுத்துவிட்டார். அதனால் பொங்கலுக்குப் பொங்கல் எங்கள் மரத்துத் தேங்காய் பதினைந்து ஒரு சாக்கில் மலையேறுகிறது. "வக்கீலு பங்கு கேக்கல, வாசல்ல நின்னவனுக்கும் குடுக்கல. சாக்கு மட்டும் வருசா வருசம் போகுது" என்று செல்வி வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்வாள்.

இந்த வருடம் குமாஸ்தா போன் செய்தார். "ரெண்டு காய் அழுகலுங்க. அடுத்த தடவை ரெண்டு விரலா ஆக்கிக்கிருவமா?"

"போன்ல வெல பேசுற பழக்கம் இல்லீங்க. நேர்ல வாரேன்" என்றேன்.

செல்வி கேட்டுவிட்டாள். வீட்டிலுள்ள துண்டுகளை எல்லாம் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். ஒரு வாரமாகக் குளித்துவிட்டு வெயிலில் நிற்கிறேன்.