ரேடியோவில் கை தெரியாது

என் கணவர் பெயர் ரங்கராஜன். இதோ, எழுதிவிட்டேன். எழுதுவதில் எனக்கு எந்தக் காலத்திலும் சிரமம் இருந்ததில்லை, வாயால் சொல்வதில்தான் சிக்கல். நான் கல்யாணமாகி ஸ்ரீரங்கத்துக்கு வந்த ஐம்பதுகளில், புருஷன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுள் குறையும் என்பார்கள். (நானும் நம்பினேன். சொல்லிப் பார்த்துச் சோதிக்க எனக்கு இருந்தது ஒரே ஒரு புருஷன்.) ரேஷன் கடையில் பெயர் கேட்டால் கன்னத்தில் கையை வைத்துத் தலையைச் சாய்த்துக் காட்டுவேன். பள்ளிகொண்டிருக்கும் பெருமாள் பெயர் என்று ஊரில் எவருக்கும் புரிந்துவிடும்.

இந்த லட்சணத்தில் இருந்த என்னைத்தான் ரேடியோவில் பேசக் கூப்பிட்டார்கள். வீட்டுப் பெண்கள் என்னென்ன படிக்கிறார்கள் என்று ஒரு உரையாடல். நான் படித்ததற்குக் காரணமே அவர்தான். ஆபீஸ் விட்டு வரும்போது லைப்ரரியில் நாவல் எடுத்து, பையில் வெண்டைக்காய்க்கு அடியில் ஒளித்துக்கொண்டு வருவார். அது என் மாமியாருக்குத் தெரியாமலா இருக்கும்? "பொண்டாட்டிக்குப் புஸ்தகம் சுமக்கிறதுக்கா இவனைப் பெத்தேன்?" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்வார். என் கணவர் நேரே கால் அலம்பப் போய்விடுவார். எனக்குத் தாங்காது. தெருவுக்கே கேட்கும்படி அவரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட வேண்டும், அது போதும் என்றுதான் ரேடியோவுக்குச் சம்மதித்தேன்.

அந்தக் காலத்தில் ரேடியோ உரையாடல் என்றால் கேள்வி, பதில், நடுவில் வரும் சிரிப்பு உட்பட எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுதிவிடுவார்கள். படிப்பது தெரியாமல் படிக்க வேண்டியதுதான் நம் வேலை. 'என் கணவரின் ஊக்கமே இதற்கெல்லாம் காரணம்' என்பது என் கடைசி வரி. பெயர் இல்லை, பிழைத்தேன். வீட்டில் அவர் கேள்வி கேட்க, நான் பதில் படித்து ஒத்திகை பார்த்தோம். அடைப்புக்குறிக்குள் இருந்த 'சிரிப்பு' என்ற வார்த்தையையும் நான் கணீரென்று படிக்க, அவர் நிஜமாகவே சிரித்தார்.

ஒலிபரப்பு அன்று சாயங்காலம் என்னைத் திருச்சி ரேடியோ நிலையத்தில் விட்டுவிட்டு எதிரே இருந்த காபி கிளப்புக்குப் போனார். அங்கே ரேடியோ உண்டு. பேட்டி எடுத்தவர் பெயர் கரீம், திருச்சி கடைவீதிப் பக்கத்துப் பிள்ளை, வேலைக்குப் புதிது. சிவப்பு விளக்கு எரிந்தது. நான் பேசுவது அந்தக் கணமே ஊரெல்லாம் கேட்கும் என்று நினைத்ததும் எனக்கு வந்த வேகம் இருக்கிறதே! மூச்சுவிடாமல் படித்தேன். கடைசி வரியில் வந்த காரணமான கணவரைக் கூட அவசரத்தில் விழுங்கிவிட்டேன். காகிதம் தீர்ந்துவிட்டது, நேரம் தீரவில்லை. கரீம் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, எழுதாத கேள்வி ஒன்றைக் கேட்டார்.

"இவ்வளவு புத்தகத்தையும் உங்களுக்கு யாரும்மா கொண்டுவந்து குடுக்கிறாங்க?"

"எங்காத்துக்காரர்தான்."

"அப்படிங்களா! அவர் பேரச் சொல்லுங்க, நேயர்களும் தெரிஞ்சுக்கட்டும்."

கை தானாகக் கன்னத்துக்குப் போய்விட்டது. தலையும் சாய்ந்தது.

கரீம் குழம்பினார். ரேடியோவில் ஒரு நிமிஷ மௌனம் என்பது கொலைக்குற்றம். "தூங்குறாருங்களா?" என்றார்.

இல்லை என்று தலையாட்டினேன். (ரேடியோவில்!)

"உடம்புக்கு முடியலீங்களா?"

இன்னும் பலமாக ஆட்டினேன். பெருமாள் புரியவில்லை, கோயிலாவது புரியட்டும் என்று இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் கோபுரமாகக் குவித்தேன். கரீம் என் கையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார்.

"அடடா... எப்பம்மா தவறினாரு?"

"ஐயோ! இருக்கார்! எதிர்த்த காபி கிளப்பில இருக்கார்!" என்று அலறினேன்.

கரீமுக்கு அப்போதுதான் புரிந்தது. "மன்னிச்சுக்குங்கம்மா. எங்கம்மாவும் இன்னைக்கு வரைக்கும் எங்க அத்தா பேரச் சொன்னதில்ல. எனக்கே தெரிஞ்சிருக்கணும்" என்றார், அதுவும் ரேடியோவிலேயே. பிறகு வீணை இசைத்தட்டைப் போட்டுவிட்டார்கள்.

காபி கிளப்பில் நடந்ததை என் கணவர் அப்புறம் சொன்னார். 'பேசுவது என் மனைவி' என்று எல்லோரிடமும் பெருமையடித்து வைத்திருந்தாராம். கரீம் பெயர் கேட்டதிலிருந்து ரேடியோப் பெட்டியைப் பார்த்து, "ரங்கராஜன்! ரங்கராஜன்!" என்று கத்தியிருக்கிறார். 'தவறினாரு' என்றதும் மொத்தக் கிளப்பும் டம்ளரும் கையுமாக அவரைத் திரும்பிப் பார்த்ததாம்.

பஸ்ஸில் ஏறினால் யாராவது பார்ப்பார்கள் என்று நடந்தே வந்தோம். காவிரிப் பாலத்தில் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"உங்களைப் பத்தி நல்லதா ஒரு வார்த்தை சொல்லத்தானே வந்தேன். கடைசியில உங்களைக் கொன்னுட்டேனே!"

"அழாதே. அதான் ரேடியோவிலயே போய்ச் சேர்ந்துட்டேனே, இனிமே ஆயுள் எங்கேர்ந்து குறையப்போறது? இப்பச் சொல்லு."

கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, தண்ணீரைப் பார்த்தபடி, மெதுவாகச் சொன்னேன்.

"என்ன? லாரி சத்தத்துல கேக்கலை. இன்னொரு தரம்."

சொன்னேன். அவ்வளவு சந்தோஷத்தை நான் அதற்குமுன் அவர் முகத்தில் பார்த்ததில்லை.

வீட்டில் இரண்டு மாமிகள் துக்கம் விசாரிக்க வந்திருந்தார்கள். 'தவறினாரு' வரை கேட்டுவிட்டு ஓடிவந்தவர்கள். மாமியார் பிள்ளையைத் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "பேரையே சொல்லித் தொலைச்சிருக்கப்படாதோடி!" என்றார். மறுநாள் காலையில், பையைத் தானே எடுத்துப் பிள்ளையிடம் நீட்டி, "அவ புஸ்தகம் தீந்துடுத்தாம். வெண்டைக்காயை மேல போடாதே, ஈரம் பட்டுடும்" என்றார்.

இன்றைக்கும் தாத்தா பெயர் என்ன என்று யாராவது கேட்டால் எங்கள் பேரன் பேத்திகள் கன்னத்தில் கையை வைத்துக் காட்டுகிறார்கள், பிறகு தலைக்குமேல் கோபுரம், பிறகு "எப்பம்மா தவறினாரு?" என்று கோரஸ். தாத்தா உட்கார்ந்து ரசிக்கிறார். நான்தான் இப்போது தேறிவிட்டேன். "ரங்கராஜன், காபி ஆறிப்போறது" என்று அடுக்களையிலிருந்தே கூப்பிடுகிறேன்.

"என்ன? லாரி சத்தத்துல கேக்கலை" என்கிறார், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

எங்கள் தெருவுக்குள் லாரி வருவதில்லை. இன்னொரு தரம் சொல்கிறேன்.