குளிசை வைக்கும் இடம் பற்றிய உபகுழு

நொய்கெல்னில் இயங்கும் எமது தமிழ்ச் சங்கம் இதுவரை எந்த விண்ணப்பத்தையும் தட்டிக்கழித்ததில்லை. செயலாளர் என்ற முறையில் இதைப் பொறுப்புடன் சொல்கிறேன்.

ஹோட்டலில் அறை துப்புரவாக்கும் மங்கையற்கரசி அக்கா ஒரு மருந்துப் பெட்டியுடன் வந்தார். மூன்று வாரமாக அரிப்பு, எரிவு, வெள்ளைபடுதல். வேலையில் குனிந்து நிமிர முடியவில்லை. டொக்டர் டொச்சில், அதாவது ஜேர்மன் மொழியில், விளக்கமாகத்தான் சொன்னாராம். அக்கா வழக்கம்போல "யா, யா" என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டார். பெட்டிக்குள் பூஞ்சைக்கும் பக்டீரியாவுக்கும் சேர்த்து இரண்டு மருந்து கலந்த குளிசை ஆறு, வெளியே பூச ஒரு கிறீம், முழ நீளத்துக்கு டொச் கடதாசி. மகன் நன்றாக வாசிப்பான். ஆனால் இதை மகனிடம் எப்படிக் கொடுப்பது?

"தமிழில எழுதித் தாங்கோ தம்பி. மற்றப் பொம்பிளையளுக்கும் உதவும்."

உடனே, தமிழில் ஒரு துண்டுப்பிரசுரம் எழுதி மண்டபத்தில் வாசித்து வெளியிட உபகுழு அமைக்கப்பட்டது. விடயம் பாரதூரமானது என்பதால் உறுப்பினர்கள் ஏழு பேரும் ஆண்கள்.

மொழிபெயர்ப்பு இரண்டாம் வரியிலேயே நின்றுவிட்டது. குளிசையை எங்கே வைப்பது என்று சொல்லும் வரி அது.

"இந்தச் சொல்லை மண்டபத்தில வாசிக்க ஏலாது," என்றார் தலைவர் விஜயரத்தினம் அண்ணை.

"அப்ப 'உள்ளே வைக்கவும்' எண்டு போடுவம்," என்றான் உபகுழுவில் இளையவனான யூட்சன்.

"உள்ளே எண்டாலே சனத்துக்கு விளங்கிப்போடும்."

"விளங்கத்தானே அண்ணை எழுதுறம்?"

"விளங்கட்டும். ஆனா நாங்கள் சொல்லி விளங்கக்கூடாது."

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

அடுத்த கிழமை அக்கா தொலைபேசியில் அழாக்குறையாகக் கேட்டார்: "தம்பி, குளிசையை விழுங்கிறதோ?"

"அவசரப்படாதேங்கோ அக்கா. பரிசீலனையில இருக்கு."

ஐந்தாம் கிழமை வெளியீட்டு விழா. குத்துவிளக்கு, வரவேற்புரை, உபகுழுவுக்கு ஏழு பொன்னாடை. துண்டுப்பிரசுரத்தில் தடித்த எழுத்தில் இருந்தது இது: "மருந்தை, மருத்துவர் கூறிய இடத்தில், மருத்துவர் கூறியவாறு பாவிக்கவும்." கைதட்டல் அடங்கியதும் மங்கையற்கரசி அக்கா எழுந்தார்.

"எனக்குச் சுகம் வந்திட்டுது. என்னோட வேலை செய்யிற துருக்கிப் பொம்பிளை ஒரு நிமிசத்தில கையால காட்டித் தந்தவ. எங்க வைக்கிறதெண்டு நான் சொல்லட்டோ?"

"சாப்பாடு தயார்!" என்று தலைவர் ஒலிவாங்கியில் அறிவித்தார்.

சாப்பாட்டு வரிசையில் ஆண்கள் மட்டும்தான் நின்றோம். பெண்கள் எல்லோரும் மூலையில் அக்காவைச் சூழ்ந்து நின்றார்கள். முன்னுக்கு நின்றவர் தலைவரின் மனைவி. அவருக்குப் பக்கத்தில் என் மனைவி கமலநாயகி.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன்: "உமக்கென்ன அங்க வேலை?"

"எனக்கும் ரெண்டு வருசமா விட்டுவிட்டு வருது."

"ஏன் என்னட்டச் சொல்லேல்ல?"

"எந்தச் சொல்லைச் சொல்லிச் சொல்லுறது?"

வெட்கமாகப் போய்விட்டது. அதனால்தான் நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் இங்கே எழுதியிருக்கிறேன். அந்தச் சொல்லை மட்டும் நானும் எழுதவில்லை. வாசித்த நீங்களும் தேடவில்லை.