இத்ரீசின் தலை எங்கே, மாப்பிள்ளை?

பிளிமத், அக்டோபர் 1611

லண்டனில் அச்சுக்கூடம் நடத்தும் மாப்பிள்ளை ஹம்ஃப்ரி அவர்களுக்கு, உமது மைத்துனன் அம்ப்ரோஸ் வணக்கத்துடன் எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே என் உடம்பு நலம். அங்கே நீரும் தங்கையும் குழந்தைகளும் சுகமாக இருக்கவும், உமது அச்சு இயந்திரம் மட்டும் உடைந்து கிடக்கவும் தினமும் ஜெபிக்கிறேன்.

நான் உம்மிடம் எழுதிக் கொடுத்தது என்ன? மொராக்கோவில் சர்க்கரை வியாபாரத்துக்குப் போய் இரண்டு வருஷம் இருந்த கதை. அதில் இத்ரீஸ் என்றொரு வியாபாரி வருகிறார். காய்ச்சலில் கிடந்த என்னைத் தன் வீட்டில் படுக்கவைத்துப் பார்லிக் கஞ்சி ஊட்டிய புண்ணியவான். நீர் அச்சடித்த புத்தகத்தில் அந்த மனுஷருக்குத் தலையே இல்லை! கண் இரண்டும் மார்பில், வாய் தொப்புளுக்கு மேலே, அதற்குப் படம் வேறு! போதாக்குறைக்கு அவர் ராஜாவாம், தன் மகளை எனக்குக் கட்டிக்கொடுத்தாராம். அவருக்கு மகளே கிடையாது, ஐயா! ஆள்விட்டுக் கேட்டதற்கு, “தலையோட இருந்தா எவன் வாங்குவான் மச்சான்?” என்று சொல்லி அனுப்பினீர். கஞ்சி ஊற்றியவர் தலையைச் சீவ உமக்கு எப்படி ஐயா மனசு வந்தது?

இங்கே நடந்ததைக் கேளும். மதுக்கடை நடத்தும் விதவை தாமசினுக்கும் எனக்கும் கல்யாணம் என்று கோயிலில் மூன்று ஞாயிறு அறிவிக்கும் ஓலையை இரண்டாம் முறையாக வாசித்தார்கள். ஆட்சேபணை உண்டா என்று பாதிரியார் வழக்கம்போலக் கேட்டதுதான் தாமதம், அவள்மேல் நெடுநாளாகக் கண் வைத்திருக்கும் மெழுகுவர்த்திக்கார கிரிகரி உமது புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்தான். “ஐயா, இவனுக்கு ஏற்கெனவே ஒருத்தி இருக்கா! தலையில்லாதவ!” கோயிலே கொல்லென்று சிரித்தது. பாதிரியார் மட்டும் சிரிக்கவில்லை. “தலையில்லாதவளைக் கட்டினா அது கல்யாணத்துல சேருமான்னு பிஷப்பைத்தான் கேக்கணும்” என்று ஓலையை மடித்து வைத்துவிட்டார். எல்லாம் பொய் என்று கதறினேன். “அச்சுல வந்திருக்கேப்பா” என்கிறார். தெருவில் இறங்கினால், “உன் பொண்டாட்டி தொப்பியை எங்க மாட்டுவா?” என்று மீன்காரிகள் கேட்கிறார்கள். தாமசின் என் முகத்திலேயே கதவைச் சாத்திவிட்டாள். இந்த வயதில் என்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்த ஒரே பெண் அவள்.

ஆகவே மிச்சப் புத்தகங்களைக் கொளுத்திவிட்டு, இத்ரீசுக்குத் தலை உண்டு, மகள் இல்லை என்று அச்சடித்து உடனே அனுப்பும். இல்லாவிட்டால் நானே புறப்பட்டு வருவேன். அப்புறம் உமது தலையும் இருந்த இடத்தில் இருக்காது. தங்கைக்கு என் அன்பு, குழந்தைகளுக்கு ஆசீர்வாதம். உம்மை வாய் நிறையத் திட்டலாமென்றால், தங்கை புருஷராகத் தொலைந்துவிட்டீர்.

இப்படிக்கு,
வயிறெரியும் அம்ப்ரோஸ்

பி.கு.: மேலே எழுதியதை மறந்துவிடும். முத்திரை வைக்கும் நேரத்தில் தாமசின் வந்தாள். உண்மையைச் சொல்லச் சொன்னாள், சொன்னேன். இத்ரீஸ் வீட்டாரும் நம்மைப்போல மனிதர்கள்தான், தினமும் ஐந்து வேளை கைகால் கழுவுகிறவர்கள், நான் போன அன்று மூக்கைப் பிடித்துக்கொண்டு என்னை முதலில் குளிக்கத்தான் அனுப்பினார்கள் என்றேன். அவள் முகம் சிவந்துவிட்டது.

“நம்மளையா நாறுதுன்னாங்க? அவங்களுக்குத் தலை இல்லேன்னா நம்புவேன்யா, இதை நம்பமாட்டேன். இதை வெளியில சொன்னே, கல்யாணமும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. அந்தத் தலையில்லாதவ செத்துட்டான்னு மட்டும் உன் மாப்பிள்ளைய அச்சடிக்கச் சொல்லு, போதும்.”

எனவே அடுத்த பதிப்பில் அந்தப் பெண்ணைக் காய்ச்சலில் சாகடித்துவிடும். இத்ரீஸ் அப்படியே இருக்கட்டும். நல்லவேளை, அவருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது.