ஒரே ஒரு சுத்து

மனிதர்களில் ஓர் இனம் உண்டு. ஒரு சாமான் கெட்டுப்போனால் நமக்கெல்லாம் முகம் வாடும். இவர்களுக்கு முகம் மலரும். குழாய் ஒழுகட்டும், மின்விசிறி முனகட்டும், அலமாரிக் கதவு மூடமாட்டேன் என்று அடம்பிடிக்கட்டும், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வந்து நின்றுவிடுவார்கள். "இதுக்குப் போய் யாராவது ஆள் கூப்பிடுவாங்களா? ஒரே ஒரு சுத்து. முடிஞ்சுது" என்பார்கள். முடிந்துதான் போகும்.

இவர்களை அடையாளம் காண்பது சுலபம். பேனா இருக்கவேண்டிய பையில் ஸ்க்ரூ டிரைவர் இருக்கும். உங்கள் வீட்டு நாற்காலியில் உட்காருமுன் அதை ஒரு தரம் ஆட்டிப் பார்ப்பார்கள். எதைப் பிரித்துப் பூட்டினாலும் இரண்டு திருகாணி மிஞ்சும். "கம்பெனிக்காரன் அதிகமாப் போட்டுட்டான்" என்று அவற்றை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைப்பார்கள். டப்பா நிறைய நிறைய வீட்டில் ஆடாத சாமான்கள் குறைந்துகொண்டே வரும்.

என் பக்கத்து வீட்டுக்காரர் இந்த இனத்தில் கலப்படமில்லாத ரகம். தெருவில் அவருக்கு 'ஒருசுத்து' என்றே பெயர். பெற்றோர் வைத்த பெயர் தபால்காரருக்கு மட்டும் தெரியும்.

ஒருசுத்துவின் மனைவிக்கு நர்ஸ் வேலை கிடைத்திருந்தது. வீடு வீடாகக் காரில் போய் நோயாளிகளைப் பார்க்கவேண்டும். லைசென்ஸைக் காட்டினால்தான் சேர்த்துக்கொள்வார்கள். டிரைவிங் டெஸ்டில் ஏற்கெனவே ஒரு தடவை தோற்றாயிற்று. ஏற்றத்தில் ஹேண்ட்பிரேக் போட்டு நிறுத்தச் சொன்னார்கள். அந்தம்மா போட்டார். வண்டி மெதுவாகப் பின்னால் உருண்டு, அங்கே நின்று குறிப்பெழுதிக்கொண்டிருந்த அதிகாரியைப் பூச்செடிகளுக்குள் அனுப்பிவிட்டது. மறுபடி டெஸ்ட் நாளைக் காலை. இதிலும் தோற்றால் வேலை வேறு யாருக்கோ போய்விடும்.

"நாளைக்கு டெஸ்டுங்க. மெக்கானிக்கைக் கூப்பிடுவோம்."

"ஹேண்ட்பிரேக் ஒரு பக்கம் பிடிக்குது, ஒரு பக்கம் பிடிக்கலை. இதுக்கு ஒரு மெக்கானிக்கா? ஒரே ஒரு..."

மீதியை நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

ஆரம்பம் என்னவோ அமர்க்களம்தான். முன் சக்கரங்களுக்குச் செங்கல் முட்டுக்கொடுத்து, பின்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, இரண்டு பக்கமும் இரும்புத் தாங்கி வைத்து, என்னையும் மதில்மேல் எட்டிப் பார்த்த குற்றத்துக்காக வரவழைத்து, கையில் டார்ச்சைக் கொடுத்துக் காரின் முன்னால் குந்த வைத்தார். காரின் கையேட்டை மட்டும் யாரும் திறக்கவில்லை. அது அவருடைய டீ கிளாசுக்கு அடியில் இருந்தது.

அந்தம்மா உள்ளே உட்கார்ந்து லீவரை மூன்று கிளிக் இழுத்துவிட்டு, இறங்கி வந்து பின் சக்கரங்களைக் கையால் சுற்றிப் பார்த்தார்.

"வலது இறுகிடுச்சு. இடது சும்மா சுத்துதுங்க."

"இடதுதானே? லீவரை இறக்கு" என்று ஒருசுத்து மல்லாந்து படுத்து, பின்பக்கமாகக் காருக்கடியில் தலையை விட்டு நுழைந்தார். சக்கரத்தின் டிரம்முக்கு உள்பக்கம் ஒரு சின்ன ஓட்டை உண்டு. அதில் ஸ்க்ரூ டிரைவரை விட்டு உள்ளேயிருக்கும் பல்சக்கரத்தை நெம்பினால் பிரேக் நெருங்கிவரும். நெம்பினார்.

"இப்ப இழு. எப்படி இருக்கு?"

"வலது ரெண்டு கிளிக்லயே இறுகுதுங்க. இடது அப்படியேதான்."

"அதெப்படி? சரி, வலதைக் கொஞ்சம் தளர்த்துறேன்."

தளர்த்தினார். இடது முன்னைவிட ஜோராகச் சுற்றியது. மறுபடி இடதை முடுக்கினார். வலது, லீவரை இழுக்காமலே அசைய மறுத்தது. இப்படியே ஒரு மணி நேரம். அதற்குள் அவர் கண்டுபிடித்த காரணங்களைக் கேளுங்கள். தரை சாய்ந்திருக்கிறது. கேபிள் வெயிலில் நீண்டுவிட்டது. காரை வடிவமைத்தவனுக்கே விவரம் போதாது. கடைசியில், காருக்கடியிலிருந்தே மனைவியிடம், "லீவரை நேரா இழு! நீ ஒரு பக்கமா இழுக்கிறே, அதான் ஒரு பக்கமாப் பிடிக்குது!"

அந்தம்மா ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. எனக்கே மனசு கேட்கவில்லை. நான் டார்ச்சை இன்னும் நன்றாக அடித்தேன்.

திடீரென்று அந்தம்மா இறங்கி வந்து குனிந்தார்.

"என்னங்க, உங்க இடது கையை வெளியே நீட்டுங்க."

கிரீஸ் அப்பிய ஒரு கை வெளியே வந்தது. வலது சக்கரத்தின் பக்கமாக.

"இது யாரோட இடது?"

"என்னோடதுதான்."

"வண்டியோடது எங்கே இருக்கு?"

நீட்டிய கை மெல்ல உள்ளே போயிற்று. குப்புறப் படுத்திருந்தால் வம்பே இல்லை. மல்லாந்தவுடன் மனிதனுக்கு இடமும் வலமும் இடம் மாறிவிடுகின்றன, காருக்கு மாறுவதில்லை.

"எனக்கு அப்பவே சந்தேகம்தான். நீதான் தெளிவாச் சொல்லலை" என்றது காருக்கடி.

"நீங்க போய் டீ போட்டுட்டு வாங்க."

"டீ இங்கேயே..."

"ஆறிப்போச்சு. போங்க."

அவர் போனார். அந்தம்மா கைக்குட்டையை இடது சக்கரத்தில் கட்டினார். ஆறிய டீயை எடுத்துவிட்டுக் கையேட்டில் இரண்டு பக்கம் படித்தார். புடவையை வரிந்து கட்டிக்கொண்டு அடியில் நுழைந்தார். கைக்குட்டை கட்டிய பக்கம் முடுக்கு, கட்டாத பக்கம் தளர்வு. நான் லீவரைப் பிடித்தேன். நான்காவது கிளிக்கில் இரண்டு சக்கரமும் ஒன்றாக உரசின. ஐந்தாவதில் ஒன்றாக நின்றன. எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது.

ஒருசுத்து டீயோடு வந்தார். இரண்டு சக்கரத்தையும் தட்டிப் பார்த்தார். காது வைத்துக் கேட்டார். "பரவாயில்லை. இன்னும் ஒரே ஒரு சுத்து குடுத்தா..." என்று அவர் குனிவதற்குள் அந்தம்மா ஸ்க்ரூ டிரைவரைப் பிடுங்கித் தன் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டார். மறுநாள் ஏற்றத்தில் கார் இம்மியும் நகரவில்லை. அதிகாரி மட்டும் முன்ஜாக்கிரதையாகப் பக்கவாட்டில் நின்றாராம்.

இப்போது ஒருசுத்து தெருவில் என்ன சொல்கிறார் தெரியுமா? "வேணும்னேதான் மாத்திச் சுத்தினேன். அப்பத்தானே அவ கத்துக்குவா!"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இதைப் படிக்கும்போது நடுவில் எங்கேயாவது, 'நானாயிருந்தால் முதலில் கேபிளைப் பார்த்திருப்பேன்' என்று உங்களுக்குத் தோன்றியதா? எனக்கும் தோன்றியது. மூன்று தடவை சொன்னேன். சொல்லிக்கொண்டே, காருக்கு எதிரே குந்தியபடி, அந்த ஒரு மணி நேரமும் டார்ச்சை என் இடது பக்கம்தான் அடித்துக்கொண்டிருந்தேன்.

அது கிடக்கட்டும். நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலி லேசாக ஆடுகிறதோ? ஆடட்டும். தயவுசெய்து எழுந்திருக்காதீர்கள்.