ஏரோப்பிளேன் கேட்ட வேட்டி

ஆகாயத்தையும் பூமியையும் ஒற்றை ஆளாகக் கட்டி மேய்த்தவர் உலகத்திலேயே ஒருவர்தான். திருவாரூர்ப் பக்கம் நான் குமாஸ்தாவாக இருந்த விவசாய ஆபீசின் வாட்ச்மேன். ஊருக்கே அவர் 'ஏரோப்பிளேன்'.

பட்டாளத்தில், மேலே பறக்கும் விமானத்துக்கு "இங்கே நம்ம ஆள், குண்டு போடாதே" என்று தரையில் துணி விரித்துக் காட்டுவது அவர் வேலை. ஓய்வு பெற்றும் அந்த வேலை அவரை விடவில்லை. என் தங்கை கல்யாணப் பந்தியில் நடுவே நின்று கையசைத்தார்.

"சாம்பார் முன்னேறலாம்! ரசம், அங்கேயே நில்லு!"

சம்பந்தி வீட்டார் என்னைப் பார்த்த பார்வையில் நான் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

ஆட்சி மாறி, பண்ணைக்குப் பண்ணை கூலித் தகராறு நடந்த காலம் அது. குறுவையில் புகையான் பூச்சி விழுந்து, மருந்து தெளிக்கச் சின்ன விமானம் வந்தது. எங்கே தெளிக்க வேண்டும் என்று வரப்பில் நின்று கொடி காட்ட ஏரோப்பிளேன், மேற்பார்வைக்கு நான். பண்ணையாட்கள் கூலி கேட்டு ஆணும் பெண்ணுமாக வயலுக்குள் உட்கார்ந்திருந்தார்கள். பயிர் மறைத்ததில், மேலிருந்து பார்த்தால் ஒரு தலைகூடத் தெரியாது.

"மருந்து மேல பட்டா தானா எந்திரிச்சு ஓடுவானுங்க. கொடிய ஆட்டச் சொல்லுங்க" என்றார் பண்ணையார்.

விமானம் கண்ணில் பட்டதும் ஏரோப்பிளேன் கொடியைச் சேற்றில் வீசினார். தன் வேட்டியை அவிழ்த்து வரப்பின்மேல் விரித்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"உங்க வேட்டியக் குடுங்க சார்!"

"எதுக்குய்யா?"

"பெருக்கல் குறி தெரிஞ்சா மருந்தடிக்கக் கூடாதுன்னு பைலட்டுகிட்ட காலையிலயே பேசி வச்சிருக்கேன். ஒத்த வேட்டிய விரிச்சா, காயப் போட்டிருக்குன்னு நெனச்சுடுவான்!"

நான் யோசிப்பதற்குள் உருவி, தன் வேட்டிக்குக் குறுக்கே விரித்துவிட்டார். பட்டாபட்டி டிராயர், பின்னால் ஒட்டு வேறு. விமானம் தலைக்கு மேலே இறங்கி வந்து, சட்டென்று எழும்பி நாகூர்த் திசையில் போய்விட்டது. பயிருக்குள்ளிருந்து எழுந்த பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சேற்றில் கிடந்த கொடியை எடுத்து ஒட்டை மறைத்துக்கொண்டேன்.

"இப்படியாய்யா மானத்த வாங்குவே?"

அவர் தலை நிமிரவில்லை. "சண்டையில ஒரு தடவ எனக்குத் துணி பத்தலைங்க சார். கீழ இருந்ததும் நம்ம ஆளுங்க, மேல வந்ததும் நம்ம விமானம். அதுக்கப்புறம் எனக்கு வேற எதுக்கும் வெக்கம் வரதில்லைங்க."

ஒரு டிராயருக்காக அத்தனை குதித்தேனே என்று எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல வெட்கமாயிற்று.

வாய்க்காலில் இரண்டு வேட்டியையும் அவரே அலசி, என்னுடையதை முதலில் நீட்டினார். வாங்கித் தோளில் போட்டுக்கொண்டேன். அவர் தன்னுடையதைப் பிழிந்து, உதறி, கட்டி முடிக்கும்வரை, அத்தனை பேர் பார்க்க, நானும் டிராயரோடு பக்கத்திலேயே நின்றேன்.