லாரிக்குப் போர்த்திய கம்பளி

லாரிக்கு எந்த வாயில் கஷாயம் ஊற்றுவது என்பதில்தான் தகராறு.

"முன்னால மூடி இருக்குதே, அதுதான் வாய்" என்றார் மாட்டு வைத்தியர் பச்சமுத்து. மாட்டுக்கு மருந்து புகட்டும் மூங்கில் குழாய் அவர் கையில் தயாராக இருந்தது.

"அது தண்ணி ஊத்துற எடமுங்க. டீசல் ஊத்துற வாய் பின்னால இருக்குதுங்க" என்றான் சின்னுசாமி.

"தீனிக்கு ஒரு வாய், தண்ணிக்கு ஒரு வாயா? அப்புறம் எப்படிக் கண்ணு ஒடம்பு நல்லாருக்கும்?"

மோகனூரில் அதுதான் முதல் டீசல் வண்டி. உலகச் சண்டை முடிந்து பட்டாளத்தார் ஏலத்தில் தள்ளிவிட்ட, பின்பக்கம் திறந்த சின்ன லாரி. அதை வாங்குவதற்காகச் சின்னுசாமி விற்றது, மனைவி ராஜம்மாள் பிறந்த வீட்டுச் சீராகக் கொண்டுவந்த இரண்டு காளைகளை. அன்று முதல் அவள் லாரியின் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. அவனோடும் தேவைக்கு மட்டும்தான் பேச்சு.

இப்போது நாமக்கல் மண்டிக்காரர் வெங்கடாசலம் ஒரு நடை கொடுத்திருந்தார். ஊட்டிக்குப் போய் விடியலில் உருளைக்கிழங்கு ஏற்றிக்கொண்டு, வெயில் ஏறுவதற்குள் மலை இறங்கிவிட வேண்டும். சொன்னபடி செய்தால் வருஷம் முழுக்க அவனுக்கே நடை. தவறினால் லாரியை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, மைத்துனனின் மாட்டு வண்டிக்குச் சாட்டை பிடிக்கப் போக வேண்டியதுதான். மைத்துனன் இப்போதே சாட்டைக்கு எண்ணெய் போட்டு வைத்திருப்பதாகக் கேள்வி.

பயமெல்லாம் மார்கழிக் குளிரைப் பற்றித்தான். போன வாரம் இதே நடைக்குப் போன நாமக்கல் தங்கசாமி, மத்தியானம் மலையிலிருந்து கிளம்பி, கிழங்கைப் பாதி வாட விட்டுக் கொண்டுவந்து சேர்த்தான்.

"வண்டி வெறைச்சுப் போச்சுங்க. டீசலெல்லாம் நெய்யாட்டம் ஒறைஞ்சு, சுத்திக் கெளப்புற ஹேண்டில் அசையவே மாட்டேன்னுருச்சு" என்று மண்டியில் தலையில் அடித்துச் சத்தியம் செய்தான்.

குளிரில் விறைக்கும் வண்டிக்கு என்ன செய்வதென்று சின்னுசாமிக்குத் தெரியாது. குளிரில் விறைக்கும் காளைக்கு என்ன செய்வதென்று தெரியும். அதனால்தான் பச்சமுத்து வந்திருந்தார்.

கடைசியில் முன்பக்க மூடியே வாய் என்று முடிவாயிற்று. சுக்கு, மிளகு, திப்பிலி போட்டுக் காய்ச்சிய கஷாயம் ரேடியேட்டருக்குள் இறங்கியது. ராஜம்மாள் வருஷத்துக்கென்று வாங்கி வைத்திருந்த மிளகு மொத்தமும் அதற்குள் இருந்தது. வண்டியைக் கிளப்பிச் சற்று நேரத்தில் மூடி பிய்த்துக்கொண்டு பறந்தது. மிளகு ஆவி தெருவெல்லாம் அடித்தது. தெருவே தும்மியது. எதிர் வீட்டுக் கிடாரி கயிற்றை அறுத்துக்கொண்டு காவிரிப் பக்கம் ஓடியது.

"சளி எறங்குது கண்ணு, பயப்படாத" என்றார் பச்சமுத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

ரேடியேட்டரைக் கழுவி முடிப்பதற்குள் அடுத்த வைத்தியம் தொடங்கியது. வேப்பந்தழையும் உமியும் போட்டு இன்ஜினுக்கு அடியில் மூட்டம் வைத்தார். புகை நன்றாகத்தான் எழும்பியது. கூடவே ரப்பர் குழாய் ஒன்று உருகிச் சொட்டியது.

"காளையா இருந்தா சுட்டதும் நகந்து நிக்கும். இதுக்கு அந்த அறிவு இல்லை" என்று பச்சமுத்து லாரியின் மேல் பழியைப் போட்டார்.

சைக்கிள் ட்யூப்பை வைத்துக் குழாயைக் கட்டிவிட்டு, சின்னுசாமி மூன்றாம் வைத்தியத்துக்கு வந்தான். மார்கழியில் காளைக்குச் சாக்குப் போர்த்துவது வழக்கம். லாரி காளையைவிடப் பெரியது. அக்கம்பக்கத்துச் சாக்குகள் போதாமல், அவன் பார்வை வீட்டுப் பெட்டியின் மேல் விழுந்தது.

"எங்கம்மா குடுத்த கம்பளியா?" ராஜம்மாள் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டாள். "மாடு போச்சு, மொளகு போச்சு, இப்ப இதுவுமா?"

"ஒரே ஒரு நடைதான் புள்ள."

"அப்படின்னா கம்பளி போற எடத்துக்கு நானும் வாரேன்."

சொன்னபடி அவனுக்கு முன்னால் ஏறி உட்கார்ந்தாள்.

குளிர் எந்த ஊரில் ஏறிக்கொள்ளும் என்று யார் கண்டது? சின்னுசாமி மோகனூரிலேயே இன்ஜினை இறுக்கிப் போர்த்திவிட்டான். பெருந்துறை வெயிலில் லாரி கொதித்து நின்றது. அவிழ்த்து, ஆறவைத்து, மறுபடி போர்த்திக் கிளம்பினான். அவிநாசியில் மறுபடி கொதித்தது.

"அவுத்துப் போட்டுட்டுத்தான் ஓட்டுங்களேன்" என்றாள் ராஜம்மாள்.

"பழகட்டும் புள்ள."

ஒருவழியாகப் பொழுது சாயும்போது ஊட்டியில் உருளைக்கிழங்குக் கிடங்குக்குப் போய்ச் சேர்ந்தார்கள். காவல்காரர் தம் வீட்டு அடுப்போரத்தில் ராஜம்மாளுக்கு இடம் கொடுத்தார். சின்னுசாமி கம்பளி, சாக்கு எல்லாவற்றையும் லாரிக்குச் சுற்றிக் கட்டினான்.

"உங்களுக்கு ஒண்ணு வெச்சுக்குங்க" என்றாள் அவள்.

"மனுசனுக்கென்ன புள்ள, ஒடம்புல ரத்தம் ஓடுது. அதுக்கு வெறும் தண்ணிதான ஓடுது!"

துண்டைக் காதோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு லாரிப் படியிலேயே குந்திவிட்டான்.

விடிந்தபோது புல் முழுக்க உப்புக் கொட்டினாற்போல வெள்ளையாக இருந்தது. மூட்டைகள் ஏறிவிட்டன. சின்னுசாமி இன்ஜினுக்கு முன்னால் போய் ஹேண்டிலைப் பிடித்தான். அசையவில்லை. குலதெய்வத்தைக் கூப்பிட்டுக்கொண்டு மறுபடி முயன்றான். அசையவே இல்லை. மைத்துனனின் சாட்டை கண் முன்னால் ஆடியது. காளைகளையும் தொலைத்துவிட்டு, ராஜம்மாள் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"வெ... வெறைச்சுப் போச்சு புள்ள! வண்டி வெ... வெ..." பல் கிட்டி மேற்கொண்டு பேச்சு வரவில்லை.

ரேடியேட்டருக்காக வெந்நீர் கொண்டுவந்த ராஜம்மாள் அவன் நீலம் பாரித்த உதட்டைப் பார்த்தாள். காளைக் கோபம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. வெந்நீரை விளாவி அவன் கையில் ஊற்றினாள். இன்ஜின் மேலிருந்த கம்பளியைப் பிடுங்கி அவன்மேல் சுற்றினாள்.

"வண்டிக்கு... கம்பளி..."

"வண்டி கெடக்குது, நீங்க சும்மா இருங்க!" அவள் கம்பளியை இன்னும் இறுக்கினாள்.

இதற்குள் காவல்காரர் பீடியை வாயில் கடித்துக்கொண்டு ஹேண்டிலை ஒரு சுற்றுச் சுற்றினார். லாரி உறுமிக் கிளம்பியது.

கம்பளிக்குள்ளிருந்து சின்னுசாமியின் தலை மெல்ல வெளியே வந்தது. முகத்தில் ரத்தமும் பெருமையும் சேர்ந்தே ஏறின.

"பாத்தியா புள்ள? கஷாயம், மூட்டம், கம்பளி எல்லாம் சேந்துதான் ஒரே சுத்துல கெளம்பிருச்சு! பாவம் அந்தத் தங்கசாமி, வண்டிக்கு ஒரு சாக்குகூடக் கட்டலையாம்."

காவல்காரர் ஹேண்டிலை அவனிடம் நீட்டினார்.

"அந்த வண்டியையும் அன்னைக்கு நாந்தானுங்க ஒரே சுத்துல கெளப்பிக் குடுத்தேன். அவருதான் எங்கூட்டு அடுப்ப விட்டு மத்தியானம் வரைக்கும் எந்திரிக்கவே மாட்டேன்னுட்டாருங்க."